தொட்டிக்கு மேலே ரெண்டு லைட்டு

— பார்த்து வா தம்பி, காலுகிட்ட பக்கெட்டு இருக்கு.

— அடச்சே. இதை யாரு அண்ணி நடுவழியில வச்சது? பேண்ட்டெல்லாம் நனைஞ்சு போச்சு.

— நடுவழியிலயா இருக்கு? எப்பவும் இருக்கற மாதிரி சுவரோரமாத்தான் இருக்கு. மீன் தொட்டிக்குக் கலந்து வச்ச உப்புத் தண்ணி. விடு, நான் துடைச்சுக்கறேன். நீ உக்காரு, டீ போடறேன்.

— டீயெல்லாம் வேண்டாம். லைட்டைக் கழட்டினோமா, பையில போட்டோமா, கிளம்பினோமான்னு இருக்கணும். அண்ணன் வெளிய வர்றதுக்குள்ள முடிச்சுடறேன். அந்த ஸ்டூலை மட்டும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.

— சத்தம் போடாம பேசு. இப்பதான் கண்ணசந்தார்.

— பகல்ல தூங்கற ஆளில்லையே நம்ம அண்ணன். ஞாயித்துக்கிழமை கூட நியூஸ் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு ஊர் நியாயம் பேசுவாரு.

— பேப்பரை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. நீ இந்தப் பக்கம் வந்தால்ல உனக்குத் தெரியும்?

— வர்ற மாதிரியா வச்சிருந்தாரு? சரி, அது கிடக்கட்டும். ஆளு தூங்கினா எனக்கு நல்லதுதான். ஏன் அண்ணி, இது என்ன கோலம்? தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்களா?

— மேல துண்டு போட்டு மூடித்தான் வச்சிருந்தேன். பார்க்கவே சகிக்கல.

— பச்சைக் கொத்து போச்சு. கிளைப் பவளம் போச்சு. அந்த ஊதா... ஊதாவுமா?

— அதுவும்தான். மீன் ரெண்டும் பாரு, எங்க போறதுன்னு தெரியாம, வாடகைக்கு வீடு தேடறவங்க மாதிரி சுத்திக்கிட்டிருக்கு.

— அந்த ஊதா எவ்வளவு சின்னத் துண்டா வந்துச்சு தெரியுமா? என் சுண்டு விரல் நகம் அளவு. அண்ணன் அதைக் கல்லுல ஒட்டறப்ப மூச்சு கூட விடல. பல் செட் ஒட்டற பசை, பல் செட் பிடிக்கற இடுக்கி. கேட்டா, ‘வாய்க்குள்ள ஒட்டற எனக்குத் தண்ணிக்குள்ள ஒட்டத் தெரியாதா’ம்பாரு.

— அந்த ஊதாவோட அடிப்பக்கத்து ரோஸைப் பார்த்துத்தான் ஈறுக்குக் கலர் கலக்கறேன்னு பல் செட் செய்யற லேப்ல பெருமை அடிச்சுக்குவார். யாரோ ஒரு ஆளு வாயில நம்ம வீட்டுப் பவளத்தோட கலர் இருக்குன்னு எனக்குச் சிரிப்பா வரும்.

— சிரிங்க, சிரிங்க. இதைக் கொன்னது யாருன்னு சொல்லட்டுமா? வெளிச்சம். என் லைட்டைக் கூட்டிக் குறைக்கற இந்தத் திருகைப் பாருங்க. உங்க நெயில் பாலிஷை வாங்கி ஒரு சிவப்புக் கோடு போட்டேனே, ஞாபகம் இருக்கா? ‘இந்தக் கோட்டைத் தாண்டித் திருப்பாதீங்க’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்ப கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்கு. அது போதாதுன்னு பக்கத்துலயே கம்பெனி லைட்டு. ரெண்டையும் சேர்த்து எரிய விட்டா பவளம் என்னத்துக்கு ஆகும்?

— எனக்கு ஒண்ணும் விளங்கல தம்பி. வெளிச்சம் நல்லதுதானேன்னு நானும் விட்டுட்டேன்.

— பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு குடியிருக்கு அண்ணி. வெளிச்சத்தை வச்சுச் சமையல் பண்றது அதுதான். பவளம் சாப்பிடறதும் அது கையாலதான். வெளிச்சம் ஓவராப் போச்சுன்னு வைங்க, பவளமே அந்தப் பாசியை வீட்டை விட்டுத் துரத்திடும். கலர் எல்லாம் அந்தப் பாசியோடது, அது போனா வெள்ளை. அப்புறம் பட்டினி. அவ்வளவுதான் மேட்டர். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். அவருக்கா தெரியாது? தெரிஞ்சுக்கிட்டே செஞ்சிருக்காரு.

— வேணும்னேங்கறியா?

— பின்ன? நான் வாயைத் திறக்க வேண்டாம்னு பார்த்தேன். நீங்க திறக்க வைக்கறீங்க. இந்த லைட்டு எப்படி வந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. அண்ணன் அப்பவே கம்பெனி லைட்டுதான் வாங்கணும்னாரு. போன்லயே கூட்டலாம், குறைக்கலாம், காலைல சூரியன் மாதிரி மெதுவா எரியும்னு கதை சொன்னாரு. நான்தான் விடல. கடைகளுக்கெல்லாம் லைட்டுப் போர்டு செய்யறவன் கூடப் பிறந்த தம்பியா இருக்கறப்ப, வெளிய போய் லைட்டு வாங்கினா என் மூஞ்சி என்னத்துக்கு ஆகறதுன்னேன். சூடு தாங்கற அலுமினியத்தை ஒரு பழைய போர்டுலேர்ந்து அறுத்தேன். வெள்ளை, நீலம், ஊதான்னு ஒவ்வொரு பல்பா உக்காந்து ஈயம் உருக்கிப் பத்த வச்சேன். கையில பாருங்க, இந்தத் தழும்பு அதுல வந்ததுதான். அண்ணன் எனக்காக எவ்வளவோ செஞ்சாரு, நான் அவருக்குச் செஞ்ச ஒரே பொருள் அது.

— எனக்குத் தெரியாதா? மாட்டின அன்னிக்கு வந்தவங்க போனவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக் கூட விடல. ‘என் தம்பி செஞ்சது, கடையில கிடைக்காது’ன்னார்.

— அப்புறம் ஏன் அண்ணி மாறினாரு? கொஞ்ச நாள் கழிச்சு, மங்கலா இருக்குன்னாரு. சரின்னு வந்து வெளிச்சம் அளக்கற மீட்டர் வச்சுப் பார்த்தேன், கணக்குப்படி இருந்துச்சு. நாலு பல்பு கூடப் போட்டேன். மறுபடியும் மங்கல். தொட்டி ஓரத்துல ஒண்ணுமே தெரியல, நடுவுல மட்டும்தான் வெளிச்சம் விழுதுன்னாரு. ஓரத்துலயும் மீட்டர் வச்சுக் காட்டினேன். ‘உன் மீட்டரே ஓட்டை’ன்னாரு. அதோட விட்டாரா? என் பட்டறைக்கு வந்தாரு. சலூன்காரர் ஒருத்தர் புதுப் போர்டு எடுக்க வந்து நின்னுக்கிட்டிருக்காரு. அவர் எதிர்லயே, ‘என்னடா, உன் போர்டு எல்லாமே இப்படித்தான் அழுது வடியுது’ன்னு சொல்லிட்டாரு. சலூன்காரர் என்னைப் பார்க்கறாரு, போர்டைப் பார்க்கறாரு. அடுத்த கிளைக்கு வேற ஆளைப் பார்த்துக்கிட்டாரு.

— அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னார். ‘தம்பி வாடிக்கையாளர் முன்னால வாயை விட்டுட்டேன், ஆனா நிஜமாவே மங்கலாத்தான் இருந்துச்சு’ன்னார். மனசு கேக்காம ரெண்டு தடவை உனக்குப் போன் போட்டார். நீ எடுக்கல.

— எடுக்கல. எடுத்திருந்தா வாயில என்ன வந்திருக்கும்னு எனக்கே தெரியாது. சரி, அந்த ஸ்குரூ இங்கதான் விழுந்துச்சு, பார்த்தீங்களா?

— உன் இடது முட்டிக்குப் பக்கத்துலயே கிடக்கு பாரு.

— எங்க?

— இதோ. கண்ணு முன்னால கிடக்கறதை எடுக்கத் தெரியல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே வார்ப்பு.

— கோபத்துல கண்ணு தெரியல, விடுங்க. இந்தக் கம்பெனி லைட்டு வந்ததும் ஐயாவுக்கு ரொம்பத் திருப்தியாத்தான் இருந்திருக்கும். தம்பி செஞ்சது குப்பை, காசு போட்டு வாங்கினது தங்கம்.

— அதைத்தான் உன்கிட்ட சொல்லணும்னு இருக்கேன். நீ கொஞ்சம் அந்தத் திருப்புளியைக் கீழ வை.

— சொல்லுங்க, கேட்டுக்கிட்டே கழட்டறேன்.

— கீழ வைன்னு சொல்றேன்ல. கேளு. கடைக்காரங்களே ஆள் அனுப்பி மாட்டினாங்க. அந்தப் பையன் போன்ல என்னென்னவோ தட்டினான், நீலமா எரிஞ்சுச்சு, வெள்ளையா எரிஞ்சுச்சு. எனக்குக் கண்ணு கூசிச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தார். ரெண்டு நாள் பார்த்தார். அப்புறம் அந்தப் பையனுக்குப் போன் போட்டு, ‘என்னப்பா, இதுவும் அழுது வடியுது, பழைய சரக்கைத் தலையில கட்டிட்டீங்களா’ன்னு ஒரே சத்தம். அவன் பாவம், திரும்ப வந்து முழுசா கூட்டி வச்சுட்டுப் போனான். அப்பவும் பத்தல. உன் லைட்டை அவர் கழட்டவே விடல. ‘தம்பியோடதும் இருக்கட்டும், ரெண்டும் சேர்ந்தாலாவது கொஞ்சம் தெரியுதா பார்ப்போம்’னார்.

— இதுவும் அழுது வடியுதுன்னாரா?

— அதே வார்த்தைதான்.

— இதையா? அண்ணி, இது சும்மா லைட்டு இல்ல. நான் தொழில்காரன் சொல்றேன், இதுக்கும் என்னோடதுக்கும் எனக்கு ஆயிரம் சண்டை இருக்கும், ஆனா இதை மங்கல்னு எவனும் சொல்ல முடியாது. இருங்க, மீட்டர் பையிலதான் இருக்கு. ரெண்டையும் போடுங்க. அந்தச் சுவர்ல இருக்கற சுவிட்ச்.

— போட்டாச்சு. அப்பாடி, கண்ணைத் திறக்க முடியல.

— பாருங்க. என்னோடது தனியாவே போதும். அது தனியாவே போதும். ரெண்டும் சேர்ந்தா, இந்தத் தொட்டியில வத்தல் காயப் போடலாம். இதைப் பார்த்து மங்கல்னு... அணைச்சுடுங்க அண்ணி.

— அணைச்சுட்டேன்.

— லேப்ல எப்படி இருக்காரு? வேலையெல்லாம் ஒழுங்காப் போகுதா?

— ஏன் கேக்கற?

— சொல்லுங்களேன்.

— பல் செட் திரும்பத் திரும்ப வருது. கலர் பொருந்தல, பக்கத்துப் பல்லோட ஒட்டலன்னு டாக்டருங்க திருப்பி அனுப்பறாங்க. இவர் அங்க இருக்கற டியூப் லைட்டை மாத்தச் சொல்லி ஓனரோட சண்டை. வீட்டுலயும் அப்படித்தான். சாப்பிடற இடத்துல பல்பை மாத்து, மாடிப்படியில பல்பை மாத்துன்னு என் உயிரை எடுத்தார். வயசான காலத்துல இவருக்கு எதைப் பார்த்தாலும் குத்தம்னு நான் நினைச்சுக்கிட்டேன். ஒரு நாள் வாய் விட்டுச் சொல்லியும் காட்டிட்டேன்.

— வண்டி ஓட்டறாரா?

— சாயங்காலத்துல எடுக்கறதில்ல. எதிர்ல வர்றவன் லைட்டு ஒழுங்காப் போடறதில்லையாம்.

— அண்ணி, இன்னிக்குக் காலைல எங்க போயிருந்தீங்க? போன் போட்டேன், ஏதோ வரிசையில நிக்கறேன்னு வச்சுட்டீங்க.

— கண் ஆஸ்பத்திரிக்கு.

— எனக்கு இப்பதான்... இப்பதான் உறைக்குது. மீட்டர் சரின்னுச்சு, அண்ணன் மங்கல்னாரு. ரெண்டுல ஒண்ணு பொய்னு நினைச்சேன். மீட்டர் பொய் சொல்லாது, அப்ப அண்ணன்தான் என்னை மட்டம் தட்டறதுக்காகப் பொய் சொல்றாருன்னு முடிவு கட்டிட்டேன். ரெண்டுமே நிஜமா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. ‘ஓரத்துல தெரியல, நடுவுலதான் வெளிச்சம்’னு வாயைத் திறந்து சொன்னாரே அண்ணி. அதை விட ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்?

— உனக்காவது கோபம். நான் கூடவே இருந்தேன். நாள் முழுக்க ஊசியும் நூலுமா உக்காந்திருக்கறவ. நூல் கோக்க முடியலன்னு ஒருத்தி வந்து சொன்னா, முதல்ல கண்ணைக் காட்டும்மான்னு சொல்றவ. என் வீட்டுக்காரர் சொன்னப்ப பல்பை மாத்திக்கிட்டிருந்தேன்.

— எப்படித் தெரிஞ்சுது?

— இதாலதான். பவளமெல்லாம் வெளுத்துக்கிட்டே வருது, இவர் பாட்டுக்குத் தினமும் தீனி போடறார், விசில் அடிக்கறார். எனக்குப் பொறுக்கல. ‘என்னங்க, எல்லாம் வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சு, நீங்க ஒண்ணுமே சொல்லலையே’ன்னேன். ‘எது?’ன்னார். நான் கண்ணாடியில விரல் வச்சுக் காட்டினேன். கிட்ட வந்து, மூக்கு கண்ணாடியில இடிக்கற வரைக்கும் குனிஞ்சு பார்த்தார். அப்புறம் அந்த நாற்காலியில உக்காந்துட்டார். மறுநாளே கூட்டிட்டுப் போயிட்டேன்.

— டாக்டர் என்ன சொல்றாங்க? ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்தானே? எங்க மேஸ்திரிக்குப் புரை எடுத்தாங்க, இப்ப ஊசியை எண்ணுறாரு.

— இது புரை இல்ல தம்பி. கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி, பின்னால இருக்கற நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துடுமாம். வலிக்காதாம், சிவக்காதாம். ஓரத்திலேர்ந்து இருட்டிக்கிட்டு வருமாம், நடுவுல மட்டும் ரொம்ப நாளைக்குத் தெரியுமாம், போகப் போகத்தான் அதுவும் மங்கிக் கலர் வித்தியாசம் தெரியாம போகுமாம். அதனால ஆளுக்கே தெரியாதாம். போன பார்வை போனதுதான்னுட்டாங்க. சொட்டு மருந்து விட்டு, இருக்கறதைக் காப்பாத்திக்கணும். இன்னும் கொஞ்சம் முன்னாலயே வந்திருந்தீங்கன்னா நிறைய மிச்சமாயிருக்கும்னு அந்த டாக்டர் அம்மா சொன்னப்ப, நான் தலையை நிமிர்த்தவே இல்ல.

— நான் போனை எடுத்திருந்தா...

— எடுத்திருந்தா சண்டைதான் போட்டிருப்பீங்க. அதை நினைச்சு இப்ப என்ன பண்றது?

— சண்டை போட்டிருந்தாலும் நேர்ல வந்து போட்டிருப்பேன் அண்ணி. வந்திருந்தா, பேப்பர் படிக்கறதில்லன்னு பார்த்திருப்பேன். படியில தடவிக்கிட்டு இறங்கறதைப் பார்த்திருப்பேன். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் எனக்குத் தோணியிருக்கும். வெளிச்சம்தானே என் தொழிலே. அது சரி, அண்ணன் என்னைப் பத்தி ஏதாவது... திட்டினாரா?

— ஆட்டோவிலதான் வந்தோம். கண்ணுக்கு மருந்து விட்டிருந்தாங்க, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வெளியவே பார்த்துக்கிட்டு வந்தார். நம்ம தெரு திரும்பறப்ப கேட்டார். ‘அப்ப தம்பி செஞ்ச லைட்டு நல்லாத்தான் இருந்திருக்கும், இல்ல?’ன்னார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— நல்லாத்தான் இருந்துச்சுன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?

— துணி ஏதாவது இருந்தாக் கொடுங்க அண்ணி. கையெல்லாம் ஈரம், மூஞ்சியும்.

— இந்தா. அழுதா அழுது முடி. அவர் எதிர்ல அழாதே. அப்புறம், இன்னொண்ணு சொல்லணும். உன்னை வரச் சொல்லிப் போன் பண்ணினது நான் இல்ல. பேசினது நான், சொல்லிக் கொடுத்தது அவர். ‘வான்னு கூப்பிட்டா வர மாட்டான். லைட்டைக் கழட்டிட்டுப் போன்னு சொல்லு, ரோஷத்துலயாவது வருவான்’னார்.

— எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா? அவர் எதுக்கு என்கிட்ட...

— மன்னிப்புமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இது கூடப் பிறந்தவங்களுக்கும் வர்ற வியாதியாம். அண்ணனுக்கு இருந்தா தம்பிக்கும் கட்டாயம் பார்க்கணும்னு அந்த அம்மா சொன்னாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து இவருக்கு வேற பேச்சே இல்ல. தன் கண்ணு போனதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தம்பியை நாளைக்கே கூட்டிட்டு வரலாமான்னு அங்கயே டோக்கன் வாங்க நின்னுட்டார்.

— எனக்கா? எனக்கு என்ன அண்ணி வந்துச்சு? மூணாவது மாடியில போர்டு மாட்டறேன், கீழ நிக்கறவன் கையில இருக்கற டீ கிளாஸ்ல ஈ விழுந்தா சொல்லிடுவேன். இவ்வளவு நுணுக்கமா பல்பு பத்த வைக்கறவனுக்குக் கண்ணுல என்ன குறை இருக்கப் போகுது?

— அவரும் அதேதான் சொன்னார். பல்லுல முடி அளவு கீறலைக் கண்டுபிடிக்கறவன் நான்னார்.

— சரி, உங்களுக்காக வர்றேன். அண்ணன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற சாக்குல நானும் காட்டிக்கறேன். போதுமா? லைட்டையும் கழட்டல. என்னோடதை மட்டும் வச்சு, கோட்டுக்குக் கீழ இறக்கிடறேன். அந்த ஊதாவோட அடியில ஒரு ஓரம் இன்னும் கலர் இருக்கு. மெதுவா விட்டா திரும்பினாலும் திரும்பும்.

— திரும்புமா?

— பவளம் திரும்பும் அண்ணி. அதுக்கு அந்தக் கொடுப்பினை இருக்கு.

— தம்பி, ஒரு நிமிஷம் இப்படி என் எதிர்ல உக்காரேன்.

— எதுக்கு?

— டாக்டர் அம்மா முதல்ல ஒரு வித்தை காட்டினாங்க. மிஷினெல்லாம் வைக்கறதுக்கு முன்னால, வெறும் கையாலயே. நீ வந்ததிலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. முதல்ல பக்கெட்டை இடிச்சே, அப்புறம் அந்த ஸ்குரூ. என் சமாதானத்துக்காகச் செய்.

— நீங்களும் டாக்டர் ஆயிட்டீங்களா? சரி, சொல்லுங்க டாக்டர் அம்மா.

— வலது கண்ணைப் பொத்திக்கோ. என் மூக்கை மட்டும் பாரு, வேற எங்கயும் பார்க்கக் கூடாது. நான் ஓரத்திலேர்ந்து விரலை ஆட்டிக்கிட்டே உள்ள கொண்டு வருவேன். தெரிஞ்சதும் சொல்லு.

— பொத்தியாச்சு. உங்க மூக்குத்தி ஜொலிக்குது. இது எப்ப வாங்கினது?

— பேசாம பாரு.

— பார்க்கறேன்.

— இன்னும் பாரு.

— பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் அண்ணி. எவ்வளவு நேரம் மூக்கையே பார்க்கறது? சீக்கிரம் கையைத் தூக்குங்க.

— அப்பவே தூக்கிட்டேன், தம்பி.